சாம்பலைச் சுரங்கத்துக்கே திருப்பி அனுப்பலாமா? பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, தடா வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி, ஆரம்பாக்கம், எல்லை தாண்டினால் தடா, சூளூர்ப்பேட்டை. இந்தப் பக்கம் கிராம சபையானாலும் டீக்கடையானாலும் அனல்மின் நிலையச் சாம்பல் பற்றிப் பேச்சு வந்தால் ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேயே கொண்டுபோய்க் கொட்டச் சொல்லுங்கப்பா." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நான் கோதாவரிக் கரையில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஓவர்மேனாக, அதாவது உள்ளே வேலையை மேற்பார்க்கும் ஆளாக, இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் பெரும்பகுதி மணல் நிரப்பும் பிரிவில்தான். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் எல்லையோரத்துப் பையன்கள் சிலர் அந்தக் காலத்தில் அப்படி வடக்கே போனோம். அதனால் ஊரில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வந்து சேர்கிறது. திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கரியை எடுத்தாச்சு. காலியான சுரங்கத்தை எதுக்கு நிரப்பணும்? அப்படியே விட்டா என்ன?

பூமிக்கடியில் கரி எடுக்கும்போது மொத்தத்தையும் எடுக்க மாட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பாதை வெட்டி, நடுவில் கரியையே தூண்களாக விட்டுக்கொண்டு போவார்கள். கூரையைத் தாங்குவது அந்தத் தூண்கள். கடைசியில் தூண்களையும் எடுக்க வேண்டிய கட்டம் வரும். எடுத்தால் கூரை இறங்கும், மேலே தரையும் இறங்கும். மேலே வெறும் காடு என்றால் இறங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ரயில் பாதை, ஆறு, ஊர் இருந்தால் விட முடியாது. அங்கே எடுத்த இடத்தை எதையாவது போட்டு அடைத்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் தீ. உள்ளே மிச்சமிருக்கும் கரி காற்றுப் பட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். ஜார்க்கண்டில் ஜரியா நிலக்கரி வயலில் 1916இல் தெரியவந்த தீ இன்னும் முழுசாக அணையவில்லை. வெற்றிடத்தை அடைத்துவிட்டால் காற்றுக்கு வழி இல்லை.

இந்த அடைக்கும் வேலைக்குத்தான் 'ஸ்டோயிங்' என்று பெயர். நம் நாட்டில் இதற்குப் பரம்பரையாகப் பயன்பட்டது ஆற்று மணல். ராணிகஞ்ச், ஜரியா பக்கம் தாமோதர் மணல், எங்கள் பக்கம் கோதாவரி மணல். வீடு கட்டவே மணல் கிடைக்காத காலம் வந்தபின், சுரங்கத்துக்கு எவன் மணல் தருவான்? சாம்பல் இந்தக் கதைக்குள் நுழைந்தது அப்படித்தான்.

ஸ்டோயிங் எப்படிச் செய்வாங்க? லாரியில கொண்டுபோய் உள்ளே கொட்டுவாங்களா?

இல்லை. தண்ணீரோடு கலந்து குழாயில் இறக்குவார்கள். தரைமேல் பங்கர் என்ற பெரிய சேமிப்புத் தொட்டி இருக்கும். அதில் மணல். மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் மணல் கரைந்து கீழே உள்ள கூம்பில் விழும், அங்கிருந்து குழாய்க்குப் போகும். பம்ப் எதுவும் வேண்டாம், ஆழமே தள்ளிவிடும். உள்ளே நிரப்ப வேண்டிய இடத்தின் வாயை மூங்கிலும் மரமும் கட்டி, சாக்குத் துணி அடித்து மறைத்திருப்போம். அதுதான் பாரிகேடு. மணல் உள்ளே தங்கும், தண்ணீர் சாக்கு வழியே கசிந்து வெளியே வந்து, வாய்க்காலில் ஓடி, சம்பில் சேரும். அதை மறுபடி மேலே பம்ப் பண்ணுவார்கள்.

வேலை ஆரம்பிக்குமுன் வெறும் தண்ணீர் விடவேண்டும், முடிந்தபிறகும் வெறும் தண்ணீர். இல்லாவிட்டால் மணல் குழாயில் தங்கி இறுகிவிடும். ஜாம் ஆன குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றிச் சுத்தம் பண்ணியவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். கீழே இருக்கிற ஆள் போன் போட்டு "மணல் விடு", "நிறுத்து" என்று மேலே சொல்வான். அந்த ஆள் எதை வைத்துச் சொல்கிறான் தெரியுமா? பாரிகேடைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். சாக்கு முழுக்க ஒரே சீராகக் கசிந்தால் நல்லது. ஒரு இடத்தில் மட்டும் பீய்ச்சினாலோ, கசிவு நின்று சாக்கு தொப்பை போட ஆரம்பித்தாலோ உடனே நிறுத்தச் சொல்வான். தண்ணீர் வெளியேறாமல் உள்ளே ஏறுகிறது என்று அர்த்தம். பாரிகேடு உடைந்தால் மணலும் தண்ணீரும் ஆட்கள் நிற்கும் பாதையில்தான் பாயும்.

அடுத்த பதிலுக்கு இந்தத் தொப்பை போடும் சாக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலுக்குப் பதிலா சாம்பல். அவ்வளவுதானே? ரெண்டும் தூள்தானே?

வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு தண்ணீர் பாட்டிலை அடியில் வெட்டி, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றில் மணல், இன்னொன்றில் ஃபிளை ஆஷ் கல் போடும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த சாம்பல். இரண்டிலும் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் பாட்டிலில் ஊற்றியது ஊற்றியபடி இறங்கும். சாம்பல் பாட்டிலில் மேலே தண்ணீர் நிற்கும், கீழே சொட்டுச் சொட்டாக வரும், வருவதும் கலங்கலாக வரும். சுரங்கத்தில் அந்தத் துணிதான் பாரிகேடு.

அனல்மின் நிலையத்தில் வரும் சாம்பல் இரண்டு வகை. கொதிகலன் அடியில் விழும் கரடுமுரடான அடிச்சாம்பல், சுமார் ஐந்தில் ஒரு பங்கு. புகையோடு மேலே போய் ஈ.எஸ்.பி. என்னும் மின்வடிகட்டியில் பிடிபடும் பறக்கும் சாம்பல், அதாவது ஃபிளை ஆஷ், மிச்சம் நாலு பங்கு. அடிச்சாம்பல் கிட்டத்தட்ட மணல் மாதிரி நடந்துகொள்ளும், ஸ்டோயிங்குக்குச் சுமாராக ஒத்துவரும். பறக்கும் சாம்பல் மாவு. பெரும்பகுதி 75 மைக்ரானுக்கும், அதாவது 0.075 மில்லிமீட்டருக்கும், கீழே. அதை மட்டும் தண்ணீரில் கலந்து இறக்கினால் நாள்கணக்கில் சேறாகவே நிற்கும், பாரிகேடுமேல் தண்ணீர் அழுத்தம் குறையாது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, கொஞ்சம் சிமெண்டோ சுண்ணாம்போ சேர்த்துக் கெட்டியான கூழாக்கி பம்ப் மூலம் அனுப்பலாம். சாம்பலுக்குச் சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகும் குணம் உண்டு. ஜெர்மனி, போலந்து நாட்டுச் சுரங்கங்களில் சாம்பல் கலவையை உள்ளே செலுத்திய அனுபவம் நிறைய இருக்கிறது. போலந்தில் முக்கியமாகத் தீப்பிடிக்கக்கூடிய இடிபாட்டு இடைவெளிகளை மூட அது பயன்பட்டது. நம் நாட்டில் தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் இதில் வேலை செய்திருக்கிறது. ஆனால் சிமெண்ட், பம்ப், கலவை ஆலை என்று சேர்த்தால் இலவசச் சாம்பல் இலவசமாக இருக்காது.

கோதாவரிப் பக்கத்துச் சுரங்கங்களை நடத்தும் சிங்கரேணி நிறுவனத்தில் மணலுக்கு வேறு மாற்றும் கண்டுபிடித்தார்கள். திறந்தவெளிச் சுரங்கத்தில் அள்ளிக் கொட்டிய மேல்மண்ணைச் சலித்துக் கழுவி மணலாக்கி, ஸ்டோயிங்குக்கே பயன்படுத்துகிறார்கள். சுரங்க வாசலிலேயே கிடக்கும் பொருள் அது. சாம்பல் அதோடு போட்டி போட வேண்டும்.

அண்ணே, நம்ம ஊர்ச் சாம்பல் எந்தச் சுரங்கத்துக்குப் போகும்? அதைச் சொல்லுங்க.

நேராகச் சொன்னால், எதற்கும் போகாது. வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் நிலையம் இவற்றுக்கு வரும் உள்நாட்டுக் கரியில் பெரும்பங்கு ஒடிசாவில் தால்ச்சேர் பக்கத்தது. அங்கிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகம், கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதே வழியில் சாம்பலைத் திருப்பி அனுப்பலாமே, கப்பல் காலியாகத்தானே போகிறது என்று ஒரு தம்பி கேட்டார். மாவு மாதிரிப் பறக்கும் சரக்கைத் திறந்த கப்பல் அறையில் ஏற்றி, பாராதீப்பில் இறக்கி, மறுபடி ரயிலில் ஏற்றி... ஒவ்வொரு ஏற்றத்திலும் இறக்கத்திலும் தூசி, செலவு. தால்ச்சேர் பக்கத்திலேயே மின் நிலையங்களும் ஆலைகளும் சாம்பலை வைத்துக்கொண்டு இடம் தேடுகின்றன. தெற்கு பலாண்டா என்ற கைவிட்ட திறந்தவெளிக் குழியில் பல ஆண்டுகளாக உள்ளூர்ச் சாம்பலைத்தான் நிரப்பினார்கள். நம் சாம்பலுக்கு அங்கே யார் வரிசையில் இடம் விடுவார்கள்?

சிங்கரேணி பக்கம் என்றால் கொத்தகூடேம், இங்கிருந்து சாலை வழியாக ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கும் பக்கத்திலேயே அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன.

கோலார் தங்கவயல் பக்கம்தானே? ஆழமான சுரங்கம், காலியா கிடக்குதே?

இந்தக் கேள்வி கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அங்கே மாமாவோ சித்தப்பாவோ வேலை பார்த்திருப்பார். நம் தமிழ் ஜனம் மூன்று நாலு தலைமுறை உழைத்த ஊர் அது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். சாலை வழியாகப் பார்த்தால் இங்கிருந்து முன்னூறு கிலோமீட்டருக்குள்தான் வரும்.

காலியாக இல்லை, தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. பம்ப் நின்றதும் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிரம்பிய சுரங்கத்தில் சாம்பலைக் கரைத்து விட்டால் அது எங்கே போய்ப் படிகிறது, எந்தப் பிளவு வழியாக எந்தக் கிணற்றுக்குப் போகிறது என்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது. இன்னொன்று, அந்த ஊருக்கே சொந்தமாக ஒரு மலை இருக்கிறது. தங்கம் பிரித்தபின் கொட்டிய 'சயனைடு மேடு'. சுமார் 3 கோடி 30 லட்சம் டன் என்பது அரசுக் கணக்கு. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வருகிறது என்று அவர்கள் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் தூசியை அவர்கள் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதம் இல்லை.

நெய்வேலி?

அது திறந்தவெளிச் சுரங்கம், நிலத்தடிச் சுரங்கம் கிடையாது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீர் இருக்கிறது. அதை ராப்பகலாக இறைத்தால்தான் அங்கே கரியே எடுக்க முடியும். அந்த நீரை நம்பிச் சுற்றுவட்டாரம் முழுக்க விவசாயம். நிரப்ப அவர்களுக்குச் சொந்த மேல்மண்ணும் சொந்தச் சாம்பலும் இருக்கிறது.

சுரங்கம் எல்லாத்துலயும் சேர்த்து இடம் போதுமா?

ஒரு டன் கரியை வெட்டினால் ஏறத்தாழ 0.7 கன மீட்டர் வெற்றிடம். நம் நாட்டுக் கரியில் சாம்பல் 30 முதல் 45 சதவீதம். 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள், 400 கிலோ. படிந்த சாம்பல் கன மீட்டருக்கு ஒரு டன் பக்கம் வரும், ஆக 0.4 கன மீட்டர். எடுத்த குழியில் பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்பும். கணக்குப்படி இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் இந்தியாவில் நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து வரும் கரி மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. மற்றதெல்லாம் திறந்தவெளி. "சுரங்கத்தை நிரப்புகிறோம்" என்று அறிக்கையில் வந்தால் பெரும்பாலும் அது திறந்தவெளிக் குழியைத்தான் சொல்கிறது. கூரையைத் தாங்க, தீயைத் தடுக்க என்று நான் மேலே சொன்ன காரணம் எதுவும் அங்கே அப்படியே பொருந்தாது. குழியில் சாம்பல் போடுவது கொட்டி வைப்பதற்கு நெருக்கமான வேலை. அது தப்பென்று சொல்லவில்லை. எதற்காகப் போடுகிறோம் என்பது வேறு, அவ்வளவுதான். சுரங்கத்துக்குச் சாம்பல் தேவையா, சாம்பலுக்குச் சுரங்கம் தேவையா? எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முதலாவது என்றால் பொறியாளர்கள் அளவு, வலிமை, வடிகால் எல்லாம் கணக்குப் போடுவார்கள். இரண்டாவது என்றால் எத்தனை லாரி இறங்கியது என்பது மட்டும்தான் கணக்கு.

நிலத்தடி நீர் கெட்டுப்போகாதா?

போகலாம், போகாமலும் இருக்கலாம். மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். சாம்பலுக்குச் சாம்பல், சுரங்கத்துக்குச் சுரங்கம் இது மாறும்.

சாம்பலில் ஆர்சனிக், செலீனியம், போரான், குரோமியம், ஈயம், பாதரசம் எல்லாம் சிறு அளவில் இருக்கும். கரியில் இருந்ததுதான். கரி எரிந்து போனதால் மிச்சத்தில் செறிவு கூடியிருக்கும். முதல் முறை தண்ணீர் படும்போது போரான், சல்ஃபேட் போன்ற எளிதில் கரைபவை முதலில் வெளியே வரும். மற்றவை மெதுவாக. எவ்வளவு வரும் என்பது தண்ணீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்தது. மேகாலயா, அசாம் கரியில் கந்தகம் அதிகம், அங்கே சுரங்க நீர் அமிலமாக இருக்கும். காரத் தன்மையுள்ள சாம்பல் அந்த அமிலத்தை மட்டுப்படுத்தும், அது நன்மை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இதைச் சொல்லித்தான் பழைய சுரங்கங்களில் சாம்பல் போட்டார்கள். ஆனால் காரத் தன்மை கூடினால் ஆர்சனிக்கும் செலீனியமும் கரைவதற்கு வாய்ப்பு கூடும். ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு வினை. தாமோதர், கோதாவரிப் பக்கத்துக் கரியில் கந்தகம் குறைவு, அதனால் அந்த அமில வாதம் அங்கே அவ்வளவாக எடுபடாது.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. சுரங்கத்தில் சாம்பல் போடுவதை அது ஒரேயடியாக மறுக்கவில்லை. சாம்பலையும் இடத்தையும் முன்கூட்டியே சோதி, போட்ட பிறகு நீரைக் கண்காணி, சட்டபூர்வமான தரம் வகு, அதற்கு முன்னால் சிமெண்ட் போன்ற மறுபயன்பாட்டை ஊக்கப்படுத்து என்றது. எனக்கும் அந்த வரிசைதான் சரியென்று படுகிறது.

தண்ணீர் விஷயத்தில் இன்னொரு ஆபத்தை வெளியாட்கள் யோசிப்பதே இல்லை. 1975 டிசம்பர் 27இல் தன்பாத் பக்கம் சாஸ்னாலா சுரங்கத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து 370க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பக்கத்தில் தேங்கியிருந்த நீர்தான் பாய்ந்தது. கைவிட்ட சுரங்கத்தில் சாம்பல் கரைசல் விட்டால் தண்ணீரும் சேர்ந்துதான் போகும். பக்கத்துச் சுரங்கத்தில் ஆள் வேலை செய்கிறார்களா, நடுவில் எவ்வளவு கரிச்சுவர் இருக்கிறது, பழைய வரைபடம் சரியா? சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் இதைத் தொடக்கூடாது என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை.

சாம்பல்ல கதிரியக்கம் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வருதே?

கரியில் இயற்கையாக இருக்கும் யுரேனியம், தோரியம் சாம்பலில் கொஞ்சம் செறிந்திருக்கும். மண், கருங்கல், செங்கல் இவற்றில் இருப்பதோடு ஒப்பிடக்கூடிய அளவுதான் பொதுவாக. நம் பக்கத்தில் பயப்பட வேண்டியது மூச்சில் போகும் நுண்தூசிக்கு. தார்ப்பாய் சரியாகக் கட்டாத லாரி போனபிறகு ரோட்டோர முருங்கை இலையைத் தடவிப் பாருங்கள், விரலில் ஒட்டுவது அதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

சாம்பல் பற்றி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட முதல் அறிவிக்கை 1999 செப்டம்பர் 14. இப்போது நடப்பில் இருப்பது 2021 டிசம்பர் 31 அறிவிக்கையும் அதன் திருத்தங்களும். சாம்பல் முழுவதையும் பயன்படுத்தியாக வேண்டும். பயன்படுத்தாத ஒவ்வொரு டன்னுக்கும் 1000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. மின் நிலையத்தின் சாம்பல் குளத்தில் தேங்கிய பழைய சாம்பலையும் படிப்படியாகத் தீர்க்க வேண்டும். அனல்மின் நிலையத்திலிருந்து சாலை வழியாக 300 கிலோமீட்டருக்குள் உள்ள சுரங்கம், மேல்மண் கொட்டவும் குழி நிரப்பவும் ஸ்டோயிங்குக்கும் பயன்படுத்தும் பொருளில் எடைக்கு எடை குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும்.

டன்னுக்கு ஆயிரம் ரூபாய் என்றதும் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். கையைவிட்டுப் போனால் போதும் என்ற அவசரம் வரும். இந்த அவசரத்தைத்தான் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

அப்போ கல்குவாரிக் குழியை நிரப்பலாமே? திருத்தணி, நகரி பக்கம் எத்தனையோ கிடக்குதே.

இந்த யோசனையை நிஜமாகவே நம் பக்கம் பேசுகிறார்கள். தாழ்வான இடத்தை நிரப்பவும் குழியை மூடவும் அறிவிக்கையில் வழி இருக்கிறது, நிபந்தனைகளோடு. குவாரியில் மழைத் தண்ணீர் தேங்கும். பாறைப் பிளவு வழியாக அது சுற்றுக் கிணறுகளுக்குப் போகும், கோடையில் ஆடுமாடுக்கும் அதுதான். பல குவாரிக் குழி ஊருக்குச் சத்தமில்லாத ஏரி. அதில் சாம்பல் இறங்கினால் கூரையைத் தாங்கும் பயனும் இல்லை, தீயை அணைக்கும் பயனும் இல்லை.

அப்ப நம்ம ஊர்ச் சாம்பலுக்கு என்னதான் வழி?

உலர்ந்த சாம்பலாக ஈ.எஸ்.பி.யிலேயே பிடித்துவிட்டால் அதற்கு விலை இருக்கிறது. பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை பறக்கும் சாம்பல் சேர்க்க இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டுக் கான்கிரீட்டில் ஏற்கெனவே அது இருக்கலாம். கடப்பா, எர்ரகுண்ட்லா சிமெண்ட் ஆலைகள், நம் பக்கத்து ஃபிளை ஆஷ் கல் பட்டறைகள், சாலைக் கரைகள், இவையெல்லாம் கைக்கு எட்டும் தூரம்.

சிக்கல் ஈரச் சாம்பலில்தான். தண்ணீரில் கரைத்துக் குழாயில் குளத்துக்கு அனுப்பிவிட்டால் அடியும் மாவும் கலந்துவிடும், சிமெண்ட் ஆலை அதை விரும்பாது. செப்பாக்கத்துக்காரர்களைக் கேளுங்கள், சாம்பல் குளத்தின் பக்கத்தில் குடியிருப்பது என்னவென்று. குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததை மீனவர்கள் இறால் வலையில் பார்த்தவர்கள். சாம்பல் குளத்தின் கரை உடைவது கற்பனையும் இல்லை. 2008 டிசம்பரில் அமெரிக்காவில் டென்னசி கிங்ஸ்டனில் உடைந்தது, 2020 ஏப்ரலில் நம் சிங்ரவுலிப் பக்கம் ஒன்று உடைந்து ஆட்கள் இறந்தார்கள். அதனால் குளத்துச் சாம்பலை நகர்த்தியே ஆகவேண்டும் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. நெடுஞ்சாலை, ரயில் பாதைக் கரைகளுக்கு அது போகும். அப்படிப் போகும்போது மேலே மண் மூடி, ஓரம் கட்டி, ஈரமாக ஏற்றி, தார்ப்பாய் இறுக்கிக் கட்டிப் போகிறதா என்பதைத்தான் நாம் ரோட்டில் நின்று பார்க்க முடியும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துல "சாம்பலைச் சுரங்கத்துல நிரப்புறோம்"னு சொன்னா என்ன கேக்கணும்?

எந்தச் சுரங்கம், பெயர் என்ன, நிலத்தடியா திறந்தவெளியா என்று முதலில் கேளுங்கள். பெயர் வராவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. பெயர் வந்தால் எவ்வளவு தூரம், ரயிலா லாரியா, அந்தச் சுரங்கத்துக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டாரா என்று கேளுங்கள். அங்கே இருக்கிற ஊர்ச் சபையிடம் கேட்டார்களா என்பதையும் விடாமல் கேளுங்கள். நம்மைக் கேட்காமல் நம் ஊரில் கொட்டினார்கள் என்று நாம்தானே சண்டை போடுகிறோம்.

பிறகு, தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்த அறிக்கையின் நகல் கேளுங்கள். சாம்பலின் மொத்த ரசாயனக் கூறு எழுதிய தாளை நீட்டுவார்கள். அது போதாது, கரைந்து வெளியே வருவது எவ்வளவு என்பது தனிச் சோதனை. எத்தனை கண்காணிப்புக் கிணறு, சாம்பல் போடுவதற்கு முந்தைய நீர் அளவு எடுத்து வைத்திருக்கிறார்களா, சுரங்கம் மூடியபிறகு யார் வந்து அளப்பார்கள், எத்தனை வருஷத்துக்கு? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மேடையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, ஏற்றிய பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.